கத்திரி வெயிலில் 4.5 ஜிகாஹெர்ட்ஸ்: நான்கு கோர் பிராசஸரை ஓவர்கிளாக் செய்வதும் ஒப்பிடுவதும்

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மதியம். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேபினட்டை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர். பாண்டியில் ஒருவரிடம் பழைய கணினி ஒன்றை வாங்கியிருந்தார். உள்ளே இன்டெல் கோர் ஐ5 2500கே பிராசஸர். "அண்ணே, இதை 4.5 ஆக்கிக் கொடுங்க. யூடியூப்ல எல்லாரும் 4.5லதான் ஓட்டுறாங்க" என்றார்.

கம்பெனி வைத்த 3.3 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்டிப் பிராசஸரை ஓட்டுவதைத்தான் ஓவர்கிளாக் என்கிறார்கள். அவர் கேட்டது தப்பான ஆசை இல்லை. 2011 ஜனவரியில் வெளிவந்த அந்தப் பிராசஸரை 4.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஆனால் அந்த எண் அவர்கள் அறையின் எண். நம் அறையில் அதே எண் என்ன செய்யும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை அவருக்குச் சொல்ல அன்று இரண்டு மணி நேரம் ஆனது. இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

துடிப்பு என்றால் என்ன

பிராசஸர் எல்லா வேலையையும் ஒரு தாளத்துக்குச் செய்கிறது. அந்தத் தாளத்தைத்தான் கிளாக் என்கிறோம். தேவனாம்பட்டினம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்திருப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, அந்தக் குரலுக்கு எல்லாரும் சேர்ந்து ஓர் இழுப்பு இழுப்பார்கள். அடுத்த குரல் வருவதற்குள் கையை முன்னால் கொண்டுபோய்க் கயிற்றை மறுபடி இறுகப் பிடித்துவிட வேண்டும். குரல் வேகமாக வந்தால் வலை வேகமாகக் கரையேறும். கை பிடிக்கும் முன்பே அடுத்த குரல் வந்துவிட்டால் கயிறு நழுவும்.

பிராசஸருக்குள்ளும் இதேதான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில், மின்சைகை ஒரு டிரான்சிஸ்டர் வரிசையைக் கடந்து மறுமுனைக்குப் போய், நிலையாக நின்றுவிட வேண்டும். 3.3 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 330 கோடித் துடிப்பு. ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே சுமார் 9 சென்டிமீட்டர்தான் போகும். அவ்வளவு குறுகிய இடைவெளி அது. இன்னும் வேகப்படுத்தினால் இடைவெளி இன்னும் சுருங்கும். சைகை போய்ச் சேரும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிட்டால் விடை தப்பாகிவிடும். கணினி தொங்கி நிற்பது, நீலத் திரை வருவது எல்லாம் அந்தக் கயிறு நழுவுவதுதான்.

சரி, இந்த 3.3 எங்கிருந்து வருகிறது? மதர்போர்டில் ஓர் அடிப்படைத் துடிப்பு உண்டு. 2500கே-க்கு அது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசஸர் அதை 33 ஆல் பெருக்கிக்கொள்கிறது. அந்த 33-ஐ மல்டிபிளையர் என்கிறார்கள். 100 பெருக்கல் 33, ஆக 3300 மெகாஹெர்ட்ஸ். கம்பெனி போட்டுத் தந்த எண்ணைத் தாண்டி இந்த இரண்டில் ஒன்றை உயர்த்துவதுதான் ஓவர்கிளாக்.

எதை உயர்த்துவது என்பது பிராசஸரின் காலத்தைப் பொறுத்தது. 2007 ஜனவரியில் வந்த கோர் 2 குவாட் கியூ6600 பலருக்கு நினைவிருக்கும். கோர் என்பது பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. நான்கு கோர் என்ற சொல்லைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே இரண்டு கோர் கொண்ட இரண்டு சில்லுகளை ஒரே மூடிக்குக் கீழே வைத்திருந்தார்கள். அதில் மல்டிபிளையர் 9-க்கு மேல் போகாது. அடிப்படைத் துடிப்பு 266. இரண்டையும் பெருக்கினால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். அடிப்படையை 333 ஆக்கினால் 3.0 வந்துவிடும். ஆனால் அடிப்படையைத் தொட்டால் தற்காலிக நினைவகமான ராம், மதர்போர்டில் பாகங்களை இணைக்கும் சில்லான சிப்செட் எல்லாம் கூடவே இழுபடும். எது தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

2500கே-யில் கதை தலைகீழ். அதன் அடிப்படைத் துடிப்போடு மற்ற பல பாகங்களின் துடிப்பும் கட்டப்பட்டிருக்கிறது. அதை ஐந்தாறு சதவீதம் நகர்த்துவதே கஷ்டம். அதனால் மல்டிபிளையர் ஒன்றுதான் வழி. அது பூட்டில்லாமல் வருவது, இன்டெலில், பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ளவற்றில். ஏஎம்டி அந்தக் காலத்தில் 'பிளாக் எடிஷன்' என்று பெயர் வைத்திருந்தது. 2009-ல் வந்த ஃபெனம் 2 எக்ஸ்4 965 அப்படி ஒன்று. 2017-ல் வந்த ரைசன் டெஸ்க்டாப் வரிசை முழுவதையுமே ஏஎம்டி பூட்டில்லாமல் விட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பிராசஸரில் 'கே' இருந்தால் மட்டும் போதாது, மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். 2500கே-க்கு பி67, இசட்68, பின்னால் வந்த இசட்77 போன்ற சிப்செட் உள்ள போர்டு தேவை. பழைய கணினியாக நம் ஊரில் கைமாறுபவற்றில் எச்61 போர்டுகள்தான் அதிகம். அதில் 2500கே போட்டிருந்தாலும் மல்டிபிளையரை ஏற்ற முடியாது. 'கே' எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்து, எச்61 போர்டோடு வந்து நின்றவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். வாங்கும் முன் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மதர்போர்டு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. தம்பியின் போர்டு நல்லவேளையாக இசட்68.

கூடுதல் வேகம் எங்கே ஒளிந்திருந்தது

கம்பெனியே 4.5 என்று விற்றிருக்கலாமே, ஏன் 3.3 என்று விற்றது? எல்லாருக்கும் வரும் கேள்வி இது.

ஒரே தட்டில் சுட்ட சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சில குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும், சில திணறும். கம்பெனி எல்லாவற்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறது. ஒரு பெயரில் விற்கும் லட்சக்கணக்கான சில்லுகளில் மிக மந்தமானதும், பெட்டியோடு வரும் சின்ன ஃபேனோடு, சூடான அறையில், பல வருடம் தப்பில்லாமல் ஓட வேண்டும். அந்த எண்ணைத்தான் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது அந்த மந்தமானதாக இல்லாவிட்டால், நடுவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். 1998-ல் வந்த செலரான் 300ஏ இதற்குப் பேர்போனது. அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100-க்கு மாற்றினாலே 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 450-ல் ஓடியது.

நான்கு கோரில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. ஒரே சில்லில் இருந்தாலும் நான்கும் சமபலம் அல்ல. மூன்று கோர் 4.6-ல் நிம்மதியாக ஓடும், நாலாவது 4.4-லேயே தடுமாறும். எல்லாவற்றுக்கும் ஒரே மல்டிபிளையர் வைத்தால், மெதுவான கோர் எதுவோ அதுதான் எல்லை. கரைவலையில் ஒருவர் கை நழுவினால் முழு வரிசையும் தடுமாறுவதைப் போலத்தான்.

வெப்பத்தின் கணக்கு

சைகை வேகமாகப் போய்ச்சேர வேண்டுமானால் மின்னழுத்தத்தை, அதாவது வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டலாம். வலை இழுப்பவருக்கு இன்னொரு வேளைச் சோறு போடுவது மாதிரி. ஆனால் அதற்கான விலை வெப்பம். அந்த விலை நாம் நினைப்பதைவிட வேகமாக ஏறும்.

டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கும்போது செலவாகும் மின்திறன், துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் இருமடிக்கு, அதாவது வோல்டேஜை அதாலேயே பெருக்கினால் வரும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் ஏறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு கோரும் 3.4-ல், 1.2 வோல்ட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதை 4.5-க்கு, 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோகிறோம். வேகம் 1.32 மடங்கு. வோல்டேஜின் இருமடி 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 1.67. அதாவது 32 சதவீத வேகத்துக்கு 67 சதவீதக் கூடுதல் வெப்பம். இதோடு முடியவில்லை. சில்லு சூடாகச் சூடாக, சும்மா இருக்கும் டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசிவது கூடும். அது தனி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், காற்றால் குளிர்விப்பது எதுவும் சில்லை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. கூலர் செய்வதெல்லாம், அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்று ஒரு வித்தியாசத்தைப் பிடித்து வைப்பதுதான். குறிப்பிட்ட அளவு வெப்பத்துக்கு அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மாறாது.

சாதாரண வேகத்தில் முழு வேலை கொடுக்கும்போது ஒரு கூலர் 45 டிகிரி வித்தியாசம் வைக்கிறது என்று கொள்வோம். குளிர்சாதன வசதியோடு 23 டிகிரியில் இருக்கும் அறையில் சில்லு 68-ல் நிற்கும். மே மாதத்துக் கடலூரில், ஏசி இல்லாத மாடி அறையில், மதியம் 37 டிகிரி என்றால் அதே சில்லு 82-ல் நிற்கும். இதுவரை இரண்டும் பிழைத்துக்கொள்ளும். இப்போது வெப்பத்தை 1.67 மடங்கு ஆக்குங்கள். வித்தியாசம் 45-லிருந்து 75 ஆகிறது. குளிர் அறையில் 98. நம் அறையில் 112. இந்தப் பிராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டிய ஓர் எல்லையில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக அந்த யூடியூப் அறையில் விளிம்பில் நின்று ஓடிய அதே பிராசஸர், அதே கூலர், அதே 4.5, மஞ்சக்குப்பத்து மாடியில் நாலே நிமிடத்தில் மூச்சு வாங்கி இறங்கிவிடும். திரையில் 4.5 என்று போட்டிருக்கும், வேலை 4.5-ல் நடக்காது.

இதற்கு மாற்று, பெரிய கூலர். வித்தியாசத்தைப் பாதியாக்கும் டவர் கூலர் ஒன்று போட்டால் 75 என்பது 38 ஆகும். 37 அறையில் 75 டிகிரி. நிம்மதியாக ஓடலாம். அதனால் ஓவர்கிளாக் செய்ய விரும்புகிறவர் நம் பக்கத்தில் முதலில் காசு போட வேண்டியது கூலரில். கூலரோடு வாங்கிய, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பம் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்தால் போதும். இன்னொன்று: 2500கே-யில் சில்லுக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவில் ஈயப் பற்றவைப்பு மாதிரியான உலோக இணைப்பு இருந்தது. 2012-ல் வந்த 3570கே-யில் அதற்குப் பதில் வெறும் பேஸ்ட் வைத்தார்கள். சில்லும் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கு மாறிச் சுருங்கி, வெப்பம் சின்ன இடத்தில் குவிந்தது. புதியதாக இருந்தும் ஓவர்கிளாக்கில் அது பழையதைவிட அதிகம் சூடேறியதற்கு இவையே காரணம். நம் ஊர் வெயிலுக்கு 2500கே-யை நான் விரும்புவதும் அதனால்தான்.

கடல் காற்றையும் சொல்லியாக வேண்டும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் தெருவில் கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் மட்டும் சுத்தமாக இருக்குமா? ஈரமும் உப்பும் சேர்ந்து தூசியைப் பிசின் மாதிரி ஒட்ட வைக்கும். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பாண்டியில் வைத்திக்குப்பம் மாதிரிக் கடலோரத்திலிருந்து வரும் கேபினட்டுகளில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். மேலே போட்ட கணக்கில் 45 டிகிரி என்றது சுத்தமான கூலருக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டாவிட்டால் அந்த எண்ணே மாறிவிடும்.

மின்சாரம் பற்றி ஒரு வரி. சாதாரண 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். பிராசஸர் கூடுதலாக இழுக்கும் மின்சாரத்தோடு கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேர்ந்தால், கரண்ட் போன அந்த நொடியில் யுபிஎஸ் கைவிடலாம்.

செய்யும் முறை

தம்பியின் கணினியைப் பிரித்துத் துடைத்து, பேஸ்ட் மாற்றி, டவர் கூலர் மாட்டிய பிறகுதான், கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் பக்கம் போனோம்.

முதலில் எதையும் மாற்றாமல் ஒரு முறை ஓட்டி, வேகம், வெப்பம் இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஆரம்பிப்பவர்கள்தான் கடைசியில் 'வேகமாகிவிட்ட மாதிரி இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிறகு மல்டிபிளையரை 38, 40 என்று கொஞ்சமாக ஏற்றுங்கள். வோல்டேஜைத் தொடாமலேயே எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். அந்தத் தூரம் கிட்டத்தட்ட இலவசம். வெப்பம் வேகத்தின் அளவுக்கே கூடும், அதைத் தாண்டாது. ஒரு கட்டத்தில் கணினி தடுமாறும். அங்கேதான் வோல்டேஜை மிகச் சின்னப் படிகளாக, 0.01, 0.02 வோல்ட் என்று கூட்ட வேண்டும். வோல்டேஜைத் தானியங்கியில் விட்டால் பல போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிடும். அதனால் நான் எப்போதும் கையால் எழுதுகிறேன்.

கணினி எழவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டில் உள்ள ரூபாய் நாணயம் மாதிரியான பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டினால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

நிலையாக ஓடுகிறதா என்று சோதிக்க பிரைம்95 நல்லது. பெரிய பகா எண்களைத் தேடும் பழைய மென்பொருள் அது. போடும் கணக்கின் விடை முன்பே தெரிந்தது என்பதால், பிராசஸர் ஓரிடத்தில் தப்பு செய்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும். இது ஏன் முக்கியம் என்றால், ஓவர்கிளாக்கின் ஆபத்து நீலத் திரையில் இல்லை. நீலத் திரை வந்தால் தெரிந்துவிடும். தெரியாமல் நடக்கும் தப்புதான் ஆபத்து. மூன்று மணி நேர முகூர்த்த வீடியோவில் ஒரு ஃபிரேம் சிதைந்திருக்கும், சுருக்கி வைத்த ஃபைல் ஆறு மாதம் கழித்துத் திறக்காது. மற்றவர்களின் கல்யாணத்தைக் கையில் வைத்திருப்பவர், குறைந்தது சில மணி நேரம் சோதிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சோதிக்க வேண்டிய நேரம் மதியம். விடியற்காலையில் தேறியது மதியம் இரண்டு மணிக்குத் தோற்கும்.

ஒப்பிடுவதில் நடக்கும் தவறுகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஓவர்கிளாக் செய்வதைவிட, அதனால் என்ன கிடைத்தது என்று நேர்மையாக அளப்பதுதான் கடினம்.

முதல் தவறு, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில். பெட்டியில் 3.3 என்று போட்டிருப்பதால், 4.5 என்பது 36 சதவீத லாபம் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் 2500கே 3.3-ல் நிற்பதே இல்லை. அதில் டர்போ உண்டு. நான்கு கோரும் வேலை செய்யும்போது 3.4, மூன்றுக்கு 3.5, இரண்டுக்கு 3.6, ஒரே கோர் வேலை செய்தால் 3.7 வரை அதுவாகவே ஏறும். அதனால் நான்கு கோர் வேலையில் உண்மையான ஏற்றம் 32 சதவீதம். ஒரே கோரை நம்பும் வேலையில் 3.7-லிருந்து 4.5, அதாவது 22 சதவீதம்தான். கணக்கு மென்பொருளில் பில் போடுகிறவருக்கும், எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக்கும் ரெண்டர் போடுகிறவருக்கும் ஒரே ஓவர்கிளாக் வேறு வேறு பலன் தருவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, பிராசஸர் மட்டும்தான் வேலை செய்கிறது என்று நினைப்பது. 60 நிமிடம் எடுக்கும் ஒரு வேலையில் 48 நிமிடம் பிராசஸர் கணக்குப் போடுகிறது, 12 நிமிடம் ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 32 சதவீதம் ஏறினால் அந்த 48, சுமார் 36 ஆகும். 12 அப்படியே இருக்கும். மொத்தம் 48 நிமிடத்தைச் சற்றே தாண்டும். 32 சதவீதம் என்று நம்பியது கையில் 24 சதவீதமாகத்தான் வருகிறது. கோர்களின் எண்ணிக்கைக்கும் இதே நியாயம்தான். பங்கு போட முடியாத பகுதி ஒரு வேலையில் எவ்வளவு இருக்கிறதோ, அதுவே லாபத்துக்கு உச்சவரம்பு. 1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொன்ன இந்த விஷயத்தை அவர் பெயராலேயே விதி என்கிறார்கள். தம்பிக்கு இதைப் போட்டுக் காட்டியதும், "அப்ப எஸ்எஸ்டி வாங்கினா அந்த 12 குறையுமா?" என்று கேட்டார். குறையும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் வேகமான சேமிப்பகம்தான் எஸ்எஸ்டி. பழைய கணினியில் ஓவர்கிளாக்கைவிட எஸ்எஸ்டிதான் பல பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் தரும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது, சோதனை மிகக் குறுகியதாக இருப்பது. சினிபெஞ்ச் என்பது ஒரு படத்தை வரையவைத்து மதிப்பெண் தரும் மென்பொருள். பழைய பதிப்புகளில் ஒரு முறை ஓடுவது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குள் ஹீட்சிங்க் முழுதாகச் சூடாகியிருக்காது. நல்ல மதிப்பெண் வரும். அரை மணி நேர ரெண்டரில் பிராசஸர் சூடாகி வேகத்தைக் குறைத்திருக்கும். ஆர்23 பதிப்பில் குறைந்தது பத்து நிமிடம் ஓடவேண்டும் என்பதையே வழக்கமாக வைத்தார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும். ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது, அதுவும் இலவசம்தான். இவை எல்லாவற்றையும்விட நல்லது உங்கள் சொந்த வேலை. ஒரே வீடியோ ஃபைல், ஒரே அமைப்பு, கடிகாரம். மூன்று தடவை ஓட்டி நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். காலையில் எடுத்த எண்ணை மதியத்து எண்ணோடு ஒப்பிட்டால், அளந்தது பிராசஸரை அல்ல, வெயிலை.

விளையாட்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டு திணறிக்கொண்டிருந்தால் பிராசஸரை எவ்வளவு ஏற்றினாலும் ஃபிரேம் கூடாது. அங்கே சோதிக்க வேண்டுமென்றால் திரையின் தெளிவைக் குறைத்துவைத்துப் பாருங்கள்.

அப்புறம், இரண்டு வேறு பிராசஸர்களை ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது. இது பெரிய தவறு. ஒரு குரலுக்கு எத்தனை அடி கயிறு வருகிறது என்று கேட்காமல், குரலின் வேகத்தை மட்டும் எண்ணுவது மாதிரி. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது ஒவ்வொரு வடிவமைப்பிலும் மாறும். கியூ6600-ஐ 3.3-க்கு ஏற்றி, ஓவர்கிளாக் செய்யாத 2500கே பக்கத்தில் வைத்தால், எண் ஒன்றாக இருந்தும் புதியது முந்திவிடும். ராமோடு பேசும் பகுதி பிராசஸருக்குள்ளேயே வந்தது அதற்கு ஒரு காரணம். 2011 கடைசியில் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ் 4100 பெட்டியில் 3.6 என்றும் நான்கு கோர் என்றும் போட்டிருந்தது. ஆனால் அவை இரண்டு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் தசமக் கணக்குப் போடும் பகுதியைப் பங்கிட்டுக்கொண்டது. 3.3 போட்டிருந்த 2500கே-யிடம் அது தோற்றது. அதே ஆண்டு அந்தக் குடும்பத்தின் எஃப்எக்ஸ் 8150, திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டு 8.429 ஜிகாஹெர்ட்ஸ் தொட்டுக் கின்னஸ் சாதனை படைத்தது. எண்ணில் உலகச் சாதனையும், அன்றாட வேலையில் பின்தங்கலும் ஒரே குடும்பத்தில், ஒரே ஆண்டில்.

காலமும் நகர்ந்துவிட்டது. இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் வரிசையில் நான்கு கோரே உச்சம் என்ற நிலை 2017 ஜனவரியில் வந்த ஐ7 7700கே-யோடு முடிந்தது. அந்த வருடமே ரைசன் எட்டு கோரைக் கொண்டுவந்தது, இன்டெல் ஆறுக்குப் போனது. இப்போதுள்ள பிராசஸர்களில் டர்போவே மிச்ச இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது, நாம் கையால் எடுக்க அதிகம் இல்லை. 2022-ல் வந்த ஐ3 12100 நான்கு கோர்தான். பூட்டியதுதான். மல்டிபிளையரைத் தொட முடியாது. இருந்தும் 4.5-க்கு ஏற்றிய 2500கே-யை அது எளிதாக முந்திவிடும், வெப்பமும் குறைவு. இதையும் தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். புதிதாக வாங்கப் பணம் உள்ளவர் ஓவர்கிளாக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. கையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல போர்டை, நல்ல சில்லை, இன்னும் இரண்டு வருடம் உழைக்கவைக்க நினைப்பவருக்குத்தான் இது.

அவர் கணினியில் கடைசியில் 4.2 வைத்தோம். வோல்டேஜை மிகக் கொஞ்சம்தான் கூட்ட வேண்டியிருந்தது. கடையில் ஏசி போடாமல், ஷட்டரைப் பாதி இறக்கி, மதியம் முழுக்க ஓடவிட்டோம். வெப்பம் 80-ஐத் தாண்டவில்லை, பிரைம்95 ஒரு தப்பும் காட்டவில்லை. 4.4 வரை ஏற்றியும் பார்த்தோம். ரெண்டர் முடியும் நேரத்தில் கிடைத்த லாபம் மிகச் சிறியது, வெப்பமோ இன்னும் பத்து டிகிரி. அவரே வேண்டாம் என்றார். அறையின் வெப்பநிலை, மல்டிபிளையர், வோல்டேஜ், ரெண்டர் எடுத்த நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். மார்கழியில் தூசி தட்டக் கொண்டுவரும்போது அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன்.